இருட்டைப் பார்த்து வாங்குங்கள்

தேனி, போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று இந்த மாவட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, வீட்டு ஹாலில் ஒரு புரொஜெக்டரை மாட்டிவிட வேண்டும் என்று பணம் எடுத்து வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும், திருவிழாவுக்குத் திரை கட்டும் கமிட்டிக்காரர்களுக்கும் எழுதுவது.

2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன்பே ஆன்லைன் தள்ளுபடி நாள்களில் ஊருக்கு நாலு பெட்டி வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, ஒன்பதாயிரம் லூமெனாம், 4கே-யாம், எட்டாயிரம் ரூபாய்தானாம். வாங்கலாமா?” ஒருவர் ஒருவராகப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

முதலில் அந்த ஒன்பதாயிரத்தைப் பார்த்துவிடுவோம். லூமென் என்பது ஒரு விளக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு ஒளி வெளிவருகிறது என்பதற்கான அளவு. உங்கள் ஹாலில் எரிகிற 20 வாட்ஸ் எல்.ஈ.டி. டியூப்லைட் சுமார் 2,000 லூமென் தருகிறது. அப்படியானால் ஒன்பதாயிரம் லூமென் என்பது நாலரை டியூப்லைட். இப்போது பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, கருவியின் அடியில் பொடி எழுத்தில் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 50, 60, அதிகம் போனால் 100 வாட்ஸ். அதிலும் விசிறிக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கும் பங்கு போக மீதிதான் விளக்குக்கு. 50, 60 வாட்ஸ் கருவியில் முழுவதையும் விளக்கே தின்றாலும் டியூப்லைட் கணக்குப்படி ஐயாயிரம், ஆறாயிரத்தைத் தாண்டாது. அதுவும் விளக்கின் வாசலில்தான். திரைக்கு வருவது வேறு.

விலை குறைந்த புரொஜெக்டர்களில் பெரும்பாலானவை ஒற்றை எல்.சி.டி. தகட்டில் ஓடுபவை. எல்.ஈ.டி. விளக்கு, அதன் முன்னால் செல்போன் திரை அளவுக்கு ஒரு எல்.சி.டி. தகடு, அதற்கும் முன்னால் லென்ஸ். ஒளி இந்தத் தகட்டுக்குள் நுழையும்போதே போலரைசர் என்ற வடிகட்டி பாதிக்குமேல் விழுங்கிவிடும். மிஞ்சியதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு புள்ளியின்மேலும் இருக்கும் நிற வடிகட்டி மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு சுங்கச்சாவடியிலேயே ஆறில் ஐந்து பங்கு காலி. கண்ணாடியிலும் லென்ஸிலும் சிதறிப்போவது தனி. ஆகவே ஒன்பதாயிரம் என்று எழுதிய பெட்டியிலிருந்து சுவரில் விழுவது இருநூறு, முந்நூறு லூமெனாக இருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரியாக அளப்பதற்கு முறை இல்லாமல் இல்லை. 1992-லேயே அமெரிக்காவின் தர நிறுவனமான ஆன்சி ஒரு முறையை வகுத்தது. முழு வெள்ளைப் படத்தைத் திரையில் விட்டு, திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒளியை அளந்து, சராசரி எடுத்து, திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். இன்றைக்கு ஐ.எஸ்.ஓ. 21118 என்ற உலகத் தரமும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகிறது. பெட்டியில் ‘ஆன்சி லூமென்’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ. லூமென்’ என்று இருந்தால்தான் அந்த எண்ணுக்குக் காது கொடுங்கள். வெறும் லூமென், எல்.ஈ.டி. லூமென், லைட் சோர்ஸ் லூமென் என்றால் விற்பவர் விருப்பப்பட்ட எண். பொய்யான லூமென் போட்டு விற்கிறார்கள் என்று சில பிராண்டுகள்மீது எப்சன் நிறுவனம் அமெரிக்காவில் வழக்கே போட்டது. நம் பக்கம் கேட்பார் இல்லாததால் எண் வருடா வருடம் வளர்கிறது.

நீங்களே அளந்து பார்க்கலாம். செல்போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வெள்ளைப் படம் ஒன்றை முழுத்திரையில் விடுங்கள். போனைச் சுவரோடு ஒட்டி, அதன் முகம் புரொஜெக்டரைப் பார்க்கும்படி, உங்கள் நிழல் விழாமல் ஒன்பது இடத்தில் வைத்து எண்ணைக் குறியுங்கள். 80 அங்குலத் திரை என்றால் அகலம் 1.77 மீட்டர், உயரம் 1 மீட்டர், பரப்பு 1.77 சதுர மீட்டர். சராசரி 110 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 110 லூமென், வந்தால் 110-ஐ 1.77-ஆல் பெருக்குங்கள்: 195 லூமென். போனின் சென்சார் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும்தான். ஆனாலும் 195-க்கும் 9,000-க்கும் வித்தியாசம் சொல்ல இது போதும். அளக்கும்போதே இன்னொன்றும் தெரிந்துவிடும்: நடுவில் 160, மூலையில் 60 என்று வந்தால் ஒளி சீராகப் பரவவில்லை. படத்தில் நடுவில் இருக்கும் கதாநாயகனுக்கு வெயில், ஓரத்தில் நிற்கும் துணை நடிகருக்கு மாலை நேரம்.

இவ்வளவு சொன்னதும், “அப்போ நிஜமாகவே ஐயாயிரம் லூமென் தருகிற மெஷினாப் பார்த்து வாங்கணுமா?” என்று கேட்பீர்கள். வேண்டாம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். தியேட்டரில் டிஜிட்டல் படம் ஓடும்போது திரையில் வெள்ளை எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்று ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து வகுத்த டி.சி.ஐ. தரம் சொல்வது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. அதே வெளிச்சத்தை 100 அங்குலத் திரையில், சாதாரண மேட் வெள்ளைப் பரப்பில் கொண்டுவர எத்தனை லூமென் வேண்டும் என்று கணக்குப் போட்டால் 415 வருகிறது. வெறும் 415! 120 அங்குலத்துக்கு 600. கும்மிருட்டான அறையில் உண்மையான 500 லூமென் போதும், தியேட்டர் வெளிச்சம் வீட்டுக்கு வந்துவிடும்.

அந்தக் ‘கும்மிருட்டான’ என்ற நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. டியூப்லைட் எரிகிற ஹாலில் சுவரின்மேல் சும்மாவே 100 லக்ஸ் ஒளி விழுந்து கிடக்கும். புரொஜெக்டர் போடும் வெள்ளை 150 லக்ஸ் என்று வையுங்கள். திரையில் வெள்ளையான இடத்தில் 250, கறுப்பான இடத்தில் 100. இரண்டரைக்கு ஒன்று. அதுதான் உங்களுக்குக் கிடைக்கிற காண்ட்ராஸ்ட். பெட்டியில் 10,000-க்கு 1 என்று போட்டிருந்தாலும் சரி, லட்சத்துக்கு 1 என்று போட்டிருந்தாலும் சரி. புரொஜெக்டரால் வெளிச்சத்தை மட்டும்தான் வீச முடியும், கறுப்பை வீச முடியாது. திரையில் தெரிகிற கறுப்பு உங்கள் அறையின் இருட்டு.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. டூரிங் டாக்கீஸில் பகல் காட்சி கிடையாது. கீற்றுக் கொட்டகையின் பக்கவாட்டு முழுவதும் திறந்து கிடக்கும். பொழுது நன்றாக இறங்கும்வரை ரெக்கார்டு போட்டுக்கொண்டே இருப்பார்கள். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்துச் சௌகரியம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆபரேட்டர் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் படம் மங்கும், உடனே விசில். இருட்டு, சீரான ஒளி, நிறம் மாறாமை மூன்றும் இருந்தால்தான் படம் என்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நம் பள்ளத்தாக்கில் மேற்கே மலை நிற்பதால் சூரியன் சீக்கிரம் மறையும், ஆனால் வானம் வெளுத்துக் கிடக்கும். ஐ.பி.எல். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்குவது நமக்கு நல்லதாய்ப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி ஆட்டத்தை மொட்டை மாடியில் போடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள்.

ஆகவே புரொஜெக்டருக்கு முன்னால் அறையைப் பாருங்கள். கதவுக்கு மேலிருக்கும் வென்டிலேட்டரை அடையுங்கள். ஜன்னலுக்குக் கனத்த கருந்திரை வாங்கக் காசு இல்லையா? குமுளி வழியாகச் சபரிமலை போகிற பாதையில் இருக்கும் ஊர்கள் நம்முடையவை, போய்வந்த கறுப்பு வேட்டி வீட்டுக்கு வீடு இருக்கும். இரண்டு வேட்டியை மடித்துக் கட்டினால் போதும், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். திரையிலிருந்து வெளிச்சம் பட்டுத் திரும்பும் பக்கவாட்டுச் சுவரும் மேற்கூரையும் வெள்ளையாக இருந்தால் அதுவும் கறுப்பைச் சாம்பலாக்கும். திரைக்கு அருகே மூன்றடி நான்கடிக்காவது கருநிறத் துணி தொங்கவிட முடிந்தால் வித்தியாசத்தை முதல் நாளே பார்ப்பீர்கள்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்பு அடிக்கும்போது வெள்ளை எடுப்பாகத் தெரியட்டும் என்று நீலம் கலப்பது நம் வழக்கம். பொங்கலுக்கு அடித்த அந்தச் சுவரில் படம் போட்டால் முகமெல்லாம் நோயாளி நிறம் ஆகிவிடும். கிரீம் கலர் டிஸ்டெம்பரில் எதிர்ப்பக்கமாக மஞ்சள் ஏறும். மினுமினுப்பான எமல்ஷன் சுவரும் பளபளப்பான ஃபிளெக்ஸ் துணியும் நடுவில் ஒளிப்பொட்டு வைக்கும். வேட்டியில் படம் போட்டால் பாதி வெளிச்சம் பின்னால் ஊடுருவிப் போய்விடும். நீலம் கலக்காத, மினுக்கம் இல்லாத வெள்ளை பெயின்ட்டை ஒரு சுவரில் சீராக அடித்தால் அதுவே நல்ல திரை. திரைக்குத் தனியாக ஆறாயிரம் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்துபாருங்கள்.

அடுத்தது 4கே. ‘4கே சப்போர்ட்’, ‘1080பி சப்போர்ட்’ என்றால் அந்த அளவுப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் பொருள். வாங்கியதைத் தன் தகட்டில் எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனையாகக் குறுக்கித்தான் காட்டும். நீங்கள் தேட வேண்டிய சொல் ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’. அது 1920 × 1080 என்றால் இருபது லட்சம் புள்ளிகளுக்குமேல் உண்டு. 1280 × 720 என்றால் ஒன்பது லட்சம் சொச்சம். மலிவான பல கருவிகளில் அது 800 × 480, நாலு லட்சத்தை எட்டாது.

எது போதும் என்பதை உட்காரும் தூரம் முடிவு செய்கிறது. நல்ல பார்வை உள்ள கண், 100 அங்குலத் திரையில் 720-இன் புள்ளிகளைப் பத்தொன்பது அடி தூரம்வரை பிரித்துப் பார்த்துவிடும். 1080 என்றால் பதின்மூன்று அடி. நம் வீட்டு ஹால் பன்னிரண்டு, பதினான்கு அடி நீளம். ஆக 1080 வேண்டும், அதற்குமேல் வேண்டியதில்லை. 4கே-வின் முழுப் பலன் தெரிய ஏழடிக்குள் நெருங்கி உட்கார வேண்டும். குறைந்த விலையில் 4கே தேடி அலைவது வீண்.

கருவியைச் சாய்த்து வைத்து, கீஸ்டோன் என்ற வசதியில் படத்தை நிமிர்த்தும் பழக்கத்தையும் விடுங்கள். அது தகட்டின் ஓரப் புள்ளிகளை வீணாக்கித்தான் படத்தைச் செவ்வகமாக்குகிறது. பணம் கொடுத்து வாங்கிய புள்ளி. கருவியைத் திரைக்கு நேராக, நடுவில் வைக்க வழி பாருங்கள்.

சரி, கடையிலோ வீட்டிலோ படத்தைப் போட்டாயிற்று. எதைப் பார்ப்பது? கடைக்காரர் மீன் தொட்டியும் வெளிநாட்டுக் கடற்கரையும் காட்டும் டெமோ வீடியோவைப் போடுவார். எந்த டப்பாவிலும் அழகாகத் தெரிவதற்காகவே எடுத்த வீடியோ அது. அந்த மீனின் உண்மை நிறம் உங்களுக்குத் தெரியாது. தெரியாத நிறத்தை எப்படிச் சோதிப்பது? உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போங்கள். முகூர்த்தப் புடவை அரக்கா, குங்குமச் சிவப்பா என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் யாரும் ஏமாற்ற முடியாது. மாமா, சித்தப்பா முகங்களின் நிறம் தெரியும். மலிவான புரொஜெக்டர் முதலில் கெடுப்பது மாநிறத்தைத்தான்: ஒன்று செங்கல்லாக்கும், இல்லையென்றால் சாம்பல் பூசும். வெள்ளைத்தோல் நடிகர்கள் இருக்கும் டெமோவில் இது பிடிபடாது.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பெட்டியிலிருந்து வரும்போதே ‘டைனமிக்’, ‘விவிட்’ என்று ஏதாவது ஒரு மோடில் வைத்திருப்பார்கள். பக்கத்துக் கருவியைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அதில் நீலமும் பச்சையும் தூக்கலாக இருக்கும். ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்பதற்கு மாற்றுங்கள், நிற வெப்பத்தை ‘வார்ம்’ பக்கம் தள்ளுங்கள். முதல் பார்வைக்கு மங்கலாகவும் மஞ்சளாகவும் தோன்றும். பத்து நிமிடம் பொறுங்கள், கண் பழகிவிடும். படம் எடுத்தவர்கள் நிறம் திருத்துவது 6,500 கெல்வின் என்ற வெள்ளையை வைத்துத்தான். அதற்குப் பக்கத்தில் வருவது இந்த மோடுதான்.

பச்சையைச் சோதிக்க நமக்குத் தோதான படம் லெனின் பாரதி இயக்கி 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. நம் மலையடிவாரத்து மனிதர்கள், ஏலக்காய்ச் சுமை, நாம் ஏறி இறங்கிய பாதை. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அந்த மலைக் காட்சிகளில் எட்டத்து மலையின் பச்சை ஒன்று, கிட்டத்துப் புல்லின் பச்சை ஒன்று, நிழலில் இருக்கும் இலையின் பச்சை வேறு. சின்னமனூரிலிருந்து கம்பம் போகும்போது நெல்லையும் வாழையையும் திராட்சைப் பந்தலையும் நிறத்தை வைத்தே பிரித்தறிகிற கண் உங்களுடையது. திரையில் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பச்சையாகத் தெரிந்தால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுங்கள். இந்த ஒரு சோதனைக்கு வேறு எந்த நிபுணரும் தேவையில்லை.

கறுப்பைச் சோதிக்க ‘கைதி’. லோகேஷ் கனகராஜின் 2019-ஆம் ஆண்டுப் படம், சத்யன் சூரியன் ஒளிப்பதிவு, கதை முழுக்க ஒரே இரவு. லாரி வெளிச்சத்தில் மனிதர்கள் நிற்க, பின்னால் காடு இருட்டில் கிடக்கும். நல்ல கருவியில் அந்த இருட்டுக்குள் மரம் தெரியும். மோசமான கருவியில் இரண்டில் ஒன்று நடக்கும்: எல்லாம் சாம்பல் கரைசலாக வெளுக்கும், அல்லது எல்லாம் ஒரே கறுப்புக் குழியாகி மரம் காணாமல் போகும். காட்சி மாறும்போது திரை முழுக்கக் கறுப்பாகும் ஒரு நொடியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். சுவரில் சாம்பல் நிறச் செவ்வகம் ஒன்று எவ்வளவு வெளிச்சமாக எரிகிறதோ, அந்தக் கருவி அவ்வளவு மோசம். விலை குறைந்த எந்தக் கருவியும் இதில் முழு மார்க் வாங்காது. யார் குறைவாகத் தோற்கிறார்கள் என்று பாருங்கள்.

கூர்மைக்குத் தமிழ் எழுத்தைப் போல நல்ல சோதனை கிடையாது. ஒரு நாளிதழின் பக்கத்தைப் படமாகத் திரையில் விடுங்கள். பொடி எழுத்தில் ‘ணி’யின் சுழியும் ‘ஞ’வின் வளைவும் நடுவில் தெளிவாக இருக்கும். நான்கு மூலைக்கும் போய்ப் பாருங்கள். நடுவில் கூர்மையாக வைத்தால் மூலை கரைகிறது, மூலையைச் சரிசெய்தால் நடு கரைகிறது என்றால் லென்ஸ் மட்டம். அப்படியே ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள். பிளாஸ்டிக் லென்ஸ் சூடேறியதும் ஃபோகஸ் நகர்ந்துவிடும். முதல் ரீலில் தெளிவு, இடைவேளைக்குப் பிறகு மசமசப்பு என்று அவதிப்படுகிறவர்கள் பலர். கிரிக்கெட்டில் பந்துக்குப் பின்னால் வால் முளைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், தகடு மெதுவானதாக இருந்தால் முளைக்கும்.

கருவி வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒற்றை எல்.சி.டி.யைச் சொன்னேன். அதன் பெரிய நோய் தூசி. உள்பகுதியை முழுதாக மூடாத மாடலில் விசிறி இழுக்கும் தூசி தகட்டில் படிந்து திரையில் மங்கிய கறையாகத் தெரியும். ஆடிக் காற்றில் நம் பள்ளத்தாக்கில் எவ்வளவு புழுதி பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ‘சீல்டு ஆப்டிகல் எஞ்சின்’ என்று தெளிவாகச் சொல்லாத கருவி நமக்கு ஆகாது. டி.எல்.பி. வகை, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லில் ஓடுவது. கூர்மை நன்றாக இருக்கும், தூசித் தொல்லை குறைவு. நிறச் சக்கரம் சுழலும் மாடல்களில் சிலருக்குக் கண்ணை அசைக்கும்போது வானவில் சிதறல் தெரியும். உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெள்ளை கண்ணைப் பறிக்க, நிறங்கள் மட்டும் சோர்ந்திருக்கும் டி.எல்.பி. கருவிகளும் உண்டு. மூன்று தகடு உள்ள 3எல்.சி.டி.யில் இந்த இரண்டு குறையும் இல்லை. ஆனால் விலை கூடுதல், வடிகட்டியை அடிக்கடி துடைக்க வேண்டும்.

என் கட்சி இது: இருபதாயிரத்துக்குள் புதிதாக ‘4கே’ வாங்குவதைவிட, கல்லூரியிலோ கம்பெனியிலோ ஓடிய பழைய 3எல்.சி.டி. ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையிலோ பார்த்து எடுப்பது மேல். 1280 × 800 புள்ளி இருந்தால் போதும், படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம். மெனுவில் லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பாருங்கள்; புது லேம்ப் விலையையும் மாற்று லேம்ப் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். முழு வெள்ளைப் படத்தில் மஞ்சளோ நீலமோ திட்டுத் திட்டாகத் தெரிந்தால் உள்ளே போலரைசர் கருகியிருக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். லேம்ப் கருவிகளை அணைத்த உடனே பிளக்கைப் பிடுங்கக் கூடாது, விசிறி ஓடிச் சூடு தணிய வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஒரு யு.பி.எஸ். சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஓ.டி.டி. பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கருவிக்குள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது, நெட்ஃபிளிக்ஸ் ஓடுகிறது என்பார்கள். ஓடும். முறையான உரிமம் பெறாத கருவியில் அது 480 அளவுக் கலங்கல் படத்தைத்தான் தரும். நல்ல தகடு இருந்தும் படம் மோசம் என்று புலம்புகிற பாதிப் பேருக்கு நோய் இதுதான். உரிமம் உள்ள ஒரு ஸ்டிக்கை எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிப் பார்த்துவிட்டுப் பிறகு கருவியைத் திட்டுங்கள்.

கமிட்டிக்காரர்களுக்குத் தனியாக. வீரபாண்டித் திருவிழாவோ உங்கள் தெருப் பொங்கலோ, 200 அங்குலத் திரை என்றால் பரப்பு பதினொரு சதுர மீட்டர். தியேட்டர் வெளிச்சத்துக்கு இருட்டிலேயே 1,650 லூமென் வேண்டும். தெருவிளக்கும் சீரியல் செட்டும் எரிகிற இடத்தில் உண்மையான மூவாயிரத்துக்குக் குறைந்தால் படம் எடுபடாது. அதை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். புள்ளிக் கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், மக்கள் முப்பது நாற்பதடிக்கு அப்பால்தான் உட்காருவார்கள். திரைக்குப் பக்கத்தில் இருக்கும் நாலு விளக்கைப் படம் முடியும்வரை அணைக்கச் சொல்லி மின்பணியாளரிடம் கேட்டுக்கொள்வது, ஆயிரம் லூமென் கூடுதலாக எடுப்பதைவிட உபயோகம். காற்றுக் காலத்தில் திரையின் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். திரை உப்பினால் ஃபோகஸ் நிற்காது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பகலில் சமையலுக்கு நடுவே சீரியல், சாயங்காலம் லைட்டைப் போட்டுக்கொண்டு செய்தி, பிள்ளைகள் படிக்கும் ஹால், ஜன்னலை அடைக்க முடியாது. உங்களுக்குப் புரொஜெக்டர் வேண்டாம். அதே காசுக்கு 43 அங்குல டிவி வாங்குங்கள், பத்து வருடம் நிம்மதி. பெரிய திரை ஆசை இருந்தால் வாரம் ஒருமுறை தியேட்டருக்குப் போங்கள். பள்ளத்தாக்கில் தியேட்டர்கள் மிஞ்சியிருக்கட்டும்.

கடைக்காரச் சகோதரர்களே, உங்களுக்கும் கடைசியாக ஒரு வேண்டுகோள். வரிசையாக டியூப்லைட் எரியும் ஷோரூமில் புரொஜெக்டரைக் காட்டாதீர்கள். குடோனில் எட்டுக்குப் பத்து இடத்தை ஒதுக்கிக் கறுப்புத் துணி அடித்து வையுங்கள். ஆன்லைனில் அந்த வசதி கிடையாது, உங்களால் மட்டும்தான் முடியும். அங்கே நேர்மையான 400 ஆன்சி லூமென் கருவியையும் பொய்யான 9,000-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். எதை வாங்குவது என்று நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

வாங்குகிறவர்களே, ஆன்லைனில் எடுத்தால் ‘மாற்றித் தருவோம், பணம் திருப்பித் தரமாட்டோம்’ என்ற வரி இருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன் படியுங்கள். பெட்டி வந்த இரவே பிரியுங்கள். ஒன்பது கட்டம் அளந்து, விளம்பர எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். எண் பொய் என்றால் விற்றவரிடம் எழுதிக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தவறான விளம்பரத்தைத் தண்டிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு ஆள் புகார் செய்தால் தூசி தட்டிவிட்டுப் போவார்கள், பள்ளத்தாக்கு முழுவதும் செய்தால் பெட்டியில் எண் குறையும். கடையில் எடுத்தால் லைட்டை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அணைக்க மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

அன்புடன்,
சின்னமனூர்க்காரன் ஒருவன்